ஆடும் தீவுகள் – 9: கெயௌகஹாவின் ஆசான்

சென்ற அத்தியாயத்தை 1883-ல் ஹொனலுலு இயோலானி அரண்மனை முற்றத்தில் நிறுத்தியிருந்தோம். மன்னர் கலாகவ்வா தம் முடிசூட்டு விழாவில் ஹூலா ஆசான்களையும் மாணவர்களையும் ஊரறிய ஆடவைத்தார். அன்று ஆடிய பாட்டுகளின் பட்டியலை அச்சிட்டவர்கள் மீது, ஆபாசத்தை அச்சிட்டார்கள் என்று வழக்குத் தொடர்ந்தார்கள் என்பதையும் பார்த்தோம். ஒரு நாட்டின் அரசன் தன் முன்னோர் பாட்டைக் கேட்டதற்கே அந்த நாட்டில் வழக்கு வந்தது என்றால், அரசன் போன பிறகு என்ன ஆகியிருக்கும்?

1891-ல் கலாகவ்வா மறைந்தார். 1893 ஜனவரி 17 அன்று, அவருக்குப் பின் ஆண்ட தங்கை லிலியுவொகலானியின் ஆட்சியைச் சர்க்கரைத் தோட்டப் பணக்காரர்களும் அவர்களின் கூட்டாளிகளும் கவிழ்த்தார்கள். அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய வீரர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. முடிசூட்டு விழா முடிந்து பதினைந்தே ஆண்டுகள்! அதற்குள் அரசு போயிற்று, கொடி போயிற்று, வகுப்பறையிலிருந்து மொழியும் போயிற்று.

ஹூலாவைப் பொறுத்தவரை இந்த மொழிச் சட்டம்தான் பெரிய அடி என்று நான் கருதுகிறேன். 1830-ல் ராணி காஅஹுமனு மிஷனரிகளின் செல்வாக்கில் பொது இடங்களில் ஹூலா ஆடத் தடை விதித்தார். அந்தத் தடையை மக்கள் ஊர்ப்புறங்களில் ஒதுங்கிச் சமாளித்துவிட்டார்கள். மொழி போனால் அப்படிச் சமாளிக்க முடியாது. ஹூலாவில் முதலில் வருவது பாட்டு; உடல் அதன் பின்னால்தான் வருகிறது. ஒரு மழையின் பெயர், ஒரு மலையின் பெயர், ஓர் அரசனின் வம்சாவளி, ஒரு காதலின் மறைபொருள் எல்லாம் பாட்டில் இருக்கின்றன. பாட்டின் மொழி புரியாத ஆட்டக்காரருக்குக் கையும் இடுப்பும் மட்டுமே மிஞ்சும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வைகீகீ கடற்கரை ஓட்டல்களில் நடந்தது அதுதான். ஆங்கிலச் சொற்களை இட்ட பாட்டுகள், செலோஃபேன் காகிதத்தில் செய்த பாவாடைகள், ஹாலிவுட் படங்கள். 1937-ல் சுற்றுலாப் பயணிகள் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்துக்கொள்வதற்கென்றே கோடக் ஹூலா ஷோ தொடங்கியது. அது 2002 வரை நடந்தது. அங்கே ஆடியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களில் பலர் நல்ல கலைஞர்கள், பிழைப்புக்காக ஆடியவர்கள். ஆனால் உலகம் அதை மட்டுமே ஹூலா என்று எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஹவாய்ப் பெருந்தீவின் ஈரமான கிழக்குக் கரையில், தாயிடமிருந்து மகளுக்கு வேறொரு ஹூலா போய்க்கொண்டிருந்தது. இந்த அத்தியாயம் அந்த மகளைப் பற்றியது.

எடித் கனகஓலே 1913 அக்டோபர் 30 அன்று ஹொனொமூ என்ற ஊரில் பிறந்தார். ஹிலோ நகருக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்கள் கடலோரக் குன்றுகள் வரை பரந்திருந்த பகுதி அது. ஊருக்கு மேலே மலையில் அகாகா நீர்வீழ்ச்சி. எடித் என்பது கிறித்தவப் பெயர். ஹவாய்க் குழந்தைகளுக்கு முதற்பெயர் கிறித்தவப் பெயராக இருக்க வேண்டும் என்று 1860-ல் வந்த பெயர்ச் சட்டம் 1967 வரை புத்தகத்தில் இருந்தது. வீட்டார் சூட்டிய ஹவாய்ப் பெயர் மிக நீளமானது. ‘கெகுஹி’ என்று தொடங்கும் அந்தப் பெயரில் கொஹாலா பகுதித் தலைவர்களின் நினைவு பொதிந்திருக்கிறது. அந்தப் பெயரின் முதற்பகுதி பின்னாளில் ஒரு பள்ளியின் பெயராகித் தீவெங்கும் தெரிந்தது.

தாய் மேரி கெலிஇகெகுவெவா அஹிஎனா. அவர் அகோனி மிகா என்ற பெயர்பெற்ற ஹூலா ஆசானிடம் பயின்றவர். மகளுக்கு முதல் ஆசான் அவரே. பழைய வழியில் ஹூலா கற்பது எப்படி என்று இந்தத் தொடரின் மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லியிருந்தேன். பயிலும் இடத்துக்கு ஹாலௌ என்று பெயர். ஆசானுக்குக் குமு என்று பெயர். ஹாலௌவுக்குள் ஹூலாவின் தெய்வமான லாகாவுக்கு ஒரு பீடம் அமைப்பார்கள். காட்டிலிருந்து மைலே கொடி, பலபலாய்ப் பெரணி, லெஹுவாப் பூ கொண்டுவந்து அதில் சாத்துவார்கள். பறிக்கும் முன் காட்டிடம் அனுமதி கேட்டுப் பாட வேண்டும். அந்தப் பாட்டு தெரியாதவர் காட்டுக்குள் போகக்கூடாது. ஆகவே ஹூலா மாணவர் ஆடக் கற்கும்போதே எந்தச் செடி எந்த உயரத்தில் வளரும், எந்த மழையில் பூக்கும் என்பதையும் கற்றாக வேண்டும். எடித் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் தாவரப் பயன்பாட்டைப் பாடமாக நடத்தியது பலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். உண்மையில் அந்தப் பாடத்தை அவர் சிறுமியாக இருந்தபோதே தொடங்கிவிட்டார்.

சிறுவயதிலேயே குடும்பம் ஹிலோவுக்கு அருகில் உள்ள கெயௌகஹாவுக்குக் குடிபெயர்ந்தது. இந்த ஊரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நிலம் இழந்து நகரச் சேரிகளில் நொடிந்துகொண்டிருந்த ஹவாய் மக்களுக்கு நிலம் தர வேண்டும் என்று இளவரசர் கூஹியோ அமெரிக்க நாடாளுமன்றத்தில் போராடினார். அதன் பயனாக 1921-ல் ஹவாய்க் குடியிருப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: உடலில் குறைந்தது பாதி ஹவாய் இரத்தம் இருக்கிறது என்று நிரூபிப்பவர்களுக்கே நிலம். ஒரு மக்களைத் தங்கள் இரத்தத்தை அளந்து காட்டச் சொன்ன அந்த விதி இன்றும் நீடிக்கிறது. பெருந்தீவில் இந்தச் சட்டப்படி முதலில் உருவான குடியிருப்புகளில் ஒன்று கெயௌகஹா. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறை நிலம் அது. பயிருக்கு உகந்ததல்ல. ஆனால் ஓரத்தில் கடல் இருந்தது. நன்னீர் ஊற்றுகள் கலக்கும் குளங்கள் இருந்தன. மீனும், உண்ணத்தக்க கடற்பாசியும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹவாய் மொழி பேசுகிற குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. பள்ளியில் துரத்தப்பட்ட மொழிக்கு இந்தக் கரையில் அண்டை வீட்டுத் திண்ணையாவது கிடைத்தது.

எடித் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவரல்ல. லூகா கனகஓலேயை மணந்தார். ஆறு குழந்தைகள். 1946 வாக்கில் சொந்தமாகப் பாட்டுகள் இயற்றத் தொடங்கினார். பலவற்றுக்கு ஆட்டத்தையும் அவரே அமைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. பாட்டு இயற்றுவது என்றால் ஹவாய் மரபில் என்ன என்பதைச் சொல்லாமல் இந்தச் செய்தியைக் கடந்துவிட முடியாது. ஹவாய்ப் பாடலில் வெளிப்பொருள் ஒன்றும், ‘கௌனா’ எனப்படும் உட்பொருள் ஒன்றும் இருக்கும். மழையைப் பாடினால் ஒரு மனிதரைப் பாடியதாகவும் இருக்கலாம். ஊர்ப்பெயர், காற்றின் பெயர், மழையின் பெயர் எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். தவறான சொல் பாடப்பட்டவருக்குத் தீங்கு செய்யும் என்ற நம்பிக்கை உண்டு. எனவே இயற்றுபவர் ஊரையும் கடலையும் வம்சாவளியையும் அறிந்தவராக இருந்தாக வேண்டும்.

அவர் பாட்டுகளில் எனக்கு மிகப் பிடித்தது ‘க உலுவெஹி ஓ கெ கய்’. கடலின் செடிகொடிகளைப் பற்றியது. கரையில் பாசி பறிக்கும் பெண்களின் அன்றாட வேலைதான் அதன் பொருள். லீபோவா என்ற பாசியின் வாசனை, லிமு கொஹுவின் நிறம், பாறையில் மோதும் அலை. கெயௌகஹாக் கரையில் வளர்ந்த ஒருத்திக்கே இப்படி எழுத வரும். இன்று ஹவாயில் பிறந்தநாள் விருந்துகளிலும் பள்ளி விழாக்களிலும் குழந்தைகள் இதற்கு ஆடுகிறார்கள். அந்தப் பாசிகள் பல கரைகளில் அருகிவிட்டன. ஒரு பாசியின் பெயரை ஆட்டத்தோடு கற்ற குழந்தை அதை மறப்பதில்லை.

1953-ல் எடித் தம் ஹாலௌவைத் தொடங்கினார். அதன் பெயர் ஹாலௌ ஓ கெகுஹி. அந்த ஆண்டுகளில் இளைய மகள் நாலானியின் பெயரில் ஒரு குழுவை அமைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆசியாவிலும் சுற்றி நிகழ்ச்சிகள் நடத்தினார். ஆகவே வெளியுலகம் ஹூலாவில் எதை எதிர்பார்க்கிறது என்பதை அவர் நேரில் பார்த்தவர். அப்படிப் பார்த்துவிட்டும், தம் பள்ளியில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதில் அவர் அசையவில்லை. அந்த உறுதியைத்தான் அவருடைய வாழ்க்கையில் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர் கற்பித்த பாணிக்கு ‘ஐஹஆ’ என்று பெயர். முழங்கால்கள் ஆழ மடிந்திருக்கும். உடல் தரைக்கு நெருங்கி நிற்கும். பாதம் மண்ணை அறையும். குரல் மார்பிலிருந்து உரத்து எழும். ஓட்டல் ஹூலாவின் மென்மையைப் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பார்த்தால் முதலில் திடுக்கிடுவார்கள். இந்தப் பாணி எரிமலையிலிருந்து பிறந்தது என்று அந்தக் குடும்பத்தார் சொல்கிறார்கள். அவர்கள் பாடுவது பெரும்பாலும் எரிமலைத் தெய்வமான பெலேயையும் அவள் தங்கை ஹிஇயாகாவையும் பற்றியே. அக்காள் நிலத்தை எரித்து உருவாக்குகிறாள். தங்கை எரிந்த நிலத்தில் செடிகளை முளைக்க வைக்கிறாள். பூனா கடற்கரையில் தோழி ஹோபோயெவிடம் ஹிஇயாகா ஆடக் கற்றாள் என்பது ஹூலாவின் பிறப்புக் கதைகளில் ஒன்று. அதை இரண்டாம் அத்தியாயத்தில் படித்திருப்பீர்கள்.

இதை வெறும் புராணமாக வாசித்துவிடக் கூடாது. ஹிலோவுக்குத் தெற்கே கீலவேயா எரிமலை இருக்கிறது. ஹாலௌ தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து, 1955-ல், பூனாவில் நிலம் பிளந்து குழம்பு பாய்ந்தது. 1960-ல் கபோஹோ என்ற ஊரே குழம்புக்கு அடியில் போயிற்று. பழைய பெலே பாட்டுகளில் குழம்பு எந்த வழியாக இறங்கிற்று, எந்த ஊரை எடுத்துக்கொண்டது, எங்கே கடலைத் தொட்டது என்பதெல்லாம் பெயர் பெயராக வரும். எழுத்து வருவதற்கு முந்தைய எரிமலை வெடிப்புகளின் பதிவுகள் இவை. எடித்தின் மூத்த மகள் புவாலானி பின்னாளில் இந்தப் பாட்டுகளை அப்படித்தான் வாசித்து விளக்கினார். மாணவர்களுக்கு முழங்காலை மடக்கச் சொல்லிக்கொடுக்கும்போது எடித் கூடவே ஒரு நிலவியலையும் கையளித்துக்கொண்டிருந்தார்.

இப்போது 1970-களுக்கு வருவோம். ஹவாயின் இளைஞர்கள் விழித்த காலம். 1976-ல் ஹோகூலேயா என்ற இரட்டைத் தோணி கருவிகள் எதுவுமின்றி, விண்மீன்களைப் பார்த்தே டஹிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு, அமெரிக்கக் கடற்படை குண்டுவீச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட கஹோஒலவே தீவில் இளைஞர்கள் தடையை மீறி இறங்கினார்கள். அவர்களிடம் துணிச்சல் இருந்தது, சடங்கு தெரியவில்லை. தங்கள் தாத்தா பாட்டி பேசிய மொழியும் அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. தெய்வ நிலமாகப் போற்றப்பட்ட தீவில் காலடி வைக்கும்போது யாரிடம் அனுமதி கேட்பது, எப்படிக் கேட்பது? அவர்கள் தேடிப்போன மூத்தோரில் எடித்தும் ஒருவர். பெருந்தீவு முழுவதும் அவரை ‘ஆண்ட்டி எடித்’ என்றே அழைத்தார்கள். 1982-ல் கஹோஒலவேயில் மகஹிகி அறுவடைத் திருவிழா மீண்டும் நடந்தபோது அவர் உயிரோடில்லை. வழிகாட்டியது அவர் குடும்பம். 1990-ல் குண்டுவீச்சு நின்றது.

அந்தக் காலத்தில்தான் உயர்நிலைப் பள்ளியை முடிக்காத அந்தப் பெண் பல்கலைக்கழக ஆசிரியரானார். 1971 முதல் 1974 வரை ஹவாய்ச் சமுதாயக் கல்லூரியிலும், 1974 முதல் 1979 வரை ஹிலோவில் உள்ள ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தினார். ஹவாய் மொழி, தாவரப் பயன்பாடு, பொலினேசிய வரலாறு, வம்சாவளி, பாட்டு, தொன்மம் ஆகியவை அவர் பாடங்கள். இவற்றுக்குப் பாடத்திட்டம் ஏற்கெனவே இருக்கவில்லை, அவர் உருவாக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில் கெயௌகஹா தொடக்கப் பள்ளியில் குழந்தைகளுக்கு ஹவாய் மொழி கற்பிக்கும் திட்டத்தை அமைக்கவும் உதவினார். அரசுப் பள்ளிகளில் அத்தகைய முயற்சிகளுக்கு அது முன்னோடி. 1980-களின் தொடக்கத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களில் ஹவாய் மொழியைப் பேசியவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள். அந்த விளிம்பில் நின்றுதான் அவர் பாடம் நடத்தினார்.

மரபுக் கலையில் ஊறிய ஆசான்கள் பலர் வெளியாருக்குக் கற்பிக்கத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. கேலி செய்தவர்களும் விற்றுப் பிழைத்தவர்களும் எத்தனை பேர்! மேரி கவேனா புகுயி போன்றோர் 1930-களிலிருந்தே இந்தத் தயக்கத்தைக் கடந்து, தாம் அறிந்ததை அகராதியாகவும் நூலாகவும் பதிந்துவைத்தார்கள். எடித் வேறு வழியில் சென்றார். காட்டில் பூப்பறிக்கும் முன் அனுமதி கேட்கும் அதே முறையை அவர் வகுப்பறைக்கும் கொண்டுவந்தார். அதன் வடிவம் ‘எ ஹோ மய்’ என்ற சிறிய பாட்டு.

தம் மாணவர்களுக்காக அவர் இயற்றிய பாட்டு அது. மேலிருந்து அறிவு இறங்க வேண்டும், பாட்டுகளுக்குள் மறைந்திருக்கும் பொருள் திறக்க வேண்டும் என்று கேட்பதே அதன் சாரம். மூன்று முறை ஓதுவார்கள். ஒவ்வொரு முறையும் குரல்கள் நெருங்கி, இறுதியில் அறையில் உள்ள எல்லோரும் ஒரே மூச்சில் நிற்பார்கள். கற்க வருபவர்கள் முதலில் மனத்தை ஒருமுகப்படுத்திக்கொள்ள வேண்டும், தாம் கேட்கும் அறிவு தமக்குச் சொந்தமல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பயன். இன்று ஹவாயில் மழலையர் வகுப்பு தொடங்கும்போதும், பல்கலைக்கழகக் கூட்டம் தொடங்கும்போதும், போராட்டக் களத்தில் மக்கள் கூடும்போதும் அதை ஓதுகிறார்கள். பலர் அதை நூற்றாண்டுகள் பழைமையான பாட்டு என்றே எண்ணுகிறார்கள். மரபைக் காப்பது என்றால் பழையதைத் திரும்பச் சொல்வது மட்டும்தான் என்று வாதிடுபவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை கேட்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் ஒரு பாட்டி இயற்றியதை ஒரு மக்கள் கூட்டம் முன்னோர் வாக்காக ஏற்றுக்கொண்டது. அவருடைய மொழியும் இலக்கணமும் பக்தியும் பிசகற்று இருந்ததுதான் காரணம்.

1970-களின் இறுதியில் அவருடைய குரல் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 1978-ல் வந்த ‘ஹஆகுஇ பெலே இ ஹவாய்இ’ அவற்றில் முக்கியமானது. ஹவாய் இசைக்கான நா ஹோகு ஹனோஹனோ விருது அவருக்குக் கிடைத்தது. 1979-ல் மாநில அரசு அவருடைய பண்பாட்டுப் பணிக்கு உயர்ந்த சிறப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மாநில அரசமைப்பு மாநாடு ஹவாய் மொழியை ஆங்கிலத்துக்கு இணையான ஆட்சிமொழியாக்கியிருந்தது. 1896-ன் சட்டம் செய்த காயத்துக்கு மருந்து வரத் தொடங்கியதை அவர் பார்த்தார். பள்ளிகள் மீண்டும் ஹவாய் மொழியில் இயங்கியதைப் பார்க்கவில்லை. 1979 அக்டோபர் 3 அன்று, அறுபத்தாறாம் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கையில், ஹிலோவில் காலமானார்.

ஹாலௌ மூடவில்லை. மூத்த மகள் புவாலானி கனகஓலே கனஹெலேயும் நாலானி கனகஓலேயும் அதை ஏற்று நடத்தினார்கள். 1990-ல் தாயின் பெயரில் அறக்கட்டளை உருவாயிற்று. 1993-ல் சகோதரிகள் இருவருக்கும் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. பெலே–ஹிஇயாகா பாட்டுகளை வைத்து அவர்கள் அமைத்த ‘ஹோலோ மய் பெலே’ என்ற நாட்டிய நாடகம் 2001-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நாடெங்கும் ஒளிபரப்பானது.

ஹிலோவில் ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி மெர்ரி மோனார்க் விழா நடக்கிறது. மன்னர் கலாகவ்வாவின் செல்லப்பெயர்தான் அந்த விழாவின் பெயர். ஹூலாப் போட்டிகளில் இதுவே தலையாயது. 1971-ல் போட்டி தொடங்கியது. அது நடக்கும் அரங்கின் பெயர் எடித் கனகஓலே அரங்கம். ஹாலௌ ஓ கெகுஹி அங்கே போட்டியிடுவதில்லை. புதன்கிழமை இரவு, போட்டிக்கு வெளியே நடக்கும் நிகழ்ச்சியில் வந்து ஆடும். மதிப்பெண்ணுக்காக ஆடாத அந்த முடிவு சரியானது என்றே எனக்குத் தோன்றுகிறது. பெலேயின் பாட்டுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

2023-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட இருபத்தைந்து சென்ட் நாணயம் ஒன்றில் எடித்தின் முகம் இடம்பெற்றது. அவர் கூந்தலும் தலைமாலையும் ஹவாயின் மலையாகவும் நிலமாகவும் உருமாறுவதாக அதை வடித்திருக்கிறார்கள். அவருடைய பாட்டின் சொற்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எந்த அரசின் ஆட்சியில் அவருடைய தாய்மொழி பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்ததோ, அந்த அரசின் நாணயத்தில் அந்த மொழி! இதை ஈடு என்று நான் சொல்லமாட்டேன். ஈடு வேண்டுமென்றால் கெயௌகஹாவில் நிலத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தே இறந்துபோன குடும்பங்களிடமிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

எடித் கனகஓலேயின் குரல் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. இதைப் படிக்கும் நீங்கள் அடுத்த வாரத்துக்குள் ஒன்றையாவது கேளுங்கள். மொழி புரிய வேண்டியதில்லை. அடுத்த அத்தியாயத்தில் ஹொனலுலுவுக்குப் போகிறோம். ஹூலா ஆசான்களை உருவாக்குவதற்கென்றே ஒரு வகுப்பைத் திறந்து, 1970-களின் மறுமலர்ச்சிக்குத் தளபதிகளைத் தந்த மைக்கி ஆயு லேக்கின் கதை.